இருதய வளைகோடும் அதன் கூர்முனையும்

சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் செல்லும் காலண்டர்களிலும், வாழ்த்து அட்டைகளிலும், மத்தாப்புப் பெட்டிகளின் மேற்சீட்டுகளிலும் அன்பின் அடையாளமாக வரையப்படுகிற சிவந்த இருதயச் சித்திரத்தைக் காணாதவர் நம் நாட்டில் அரியர். மேலே இரண்டு மேடுகள், அவற்றுக்கிடையே ஒரு பள்ளம், கீழே ஒரு கூரிய நுனி என்று அமைந்த அந்த உருவத்தை ஓவியர் தம் மனோதர்மப்படி ஒடுக்கியோ அகட்டியோ வரையலாம். அதற்கு விதி ஒன்றும் இல்லை. வாணவேடிக்கைக் கலைஞரும் அதனை ஆகாயத்தில் எழுதவல்லவர். உருண்டை வாணத்தின் உள்ளே, ஒளிவிடும் மருந்துருண்டைகளை அந்த வடிவிலே பதித்து வைத்துவிட்டால், நடுமருந்து வெடிக்கும்பொழுது மையத்துக்குத் தள்ளியிருக்கும் உருண்டை அதிக வேகத்தோடும், நெருங்கியிருக்கும் உருண்டை குறைந்த வேகத்தோடும் புறப்படுகின்றபடியால், சாண் அகலச் சித்திரம் தன் விகிதம் கெடாமலே வானத்தில் விரிந்து, சில கணங்கள் ஒளிர்ந்து மறைகிறது.

ஆயினும், இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகுவது ஓவியரின் விருப்பத்துக்கு இசைந்து மாறுகின்ற அந்தச் சித்திரத்தை அன்று. கணித சாஸ்திரத்திலே இருதய வளைகோடு என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழ்நுனி கிடையாது. அடிப்புறம் முழுவதும் உருண்டு திரண்டிருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு உள்நோக்கி வந்து, கூராக மடிந்து, மீண்டும் வெளியே சென்றுவிடும். அந்த மடிப்பைக் கூர்முனை என்று அழைப்போம். வளைகோட்டின் அழகு அதன் முழு உருவத்திலும் பரவியிருக்கிறது என்றாலும், அதனால் மனிதருக்கு விளைந்த பிரயோஜனங்கள் அனைத்தும் அந்த ஒரு முனையிலேயே வந்து குவிகின்றன என்பதும், அந்தப் பிரயோஜனங்களுள் மிகச் சிறந்த ஒன்று சிவகாசியின் அச்சுக்கூடங்களில் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்ந்து வருகின்றது என்பதுமே இங்கே நாம் நிலைநாட்ட விரும்பும் கருத்தாகும்.

இரண்டு நாணயங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றைக் காகிதத்தின்மீது அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றை அதன் விளிம்போடு விளிம்பு ஒட்டியபடி, வழுக்காமல் உருட்டிக்கொண்டு ஒரு முறை சுற்றிவர வேண்டும். உருளும் நாணயத்தின் விளிம்பிலே ஒரு புள்ளியைக் குறித்துவைத்து, அந்தப் புள்ளி செல்லும் வழியைத் தொடர்ந்து வரைந்தால் கிடைப்பதே இருதய வளைகோடு. குறித்த புள்ளி நிலையான நாணயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் தொடங்கினோமானால், அது எழுந்து, விலகி, எதிர்ப்புறத்தில் மிகத் தொலைவை எட்டி, மறுபக்கமாகத் திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. எழுந்த இடமும் இறங்கிய இடமும் ஒன்றாகவே இருப்பதனால் அங்கே கூர்முனை உண்டாகிறது.

இந்த எளிய சோதனையிலே, செய்து பார்க்காதவர்கள் நம்பத் தயங்கும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. இரு நாணயங்களின் சுற்றளவும் சமமாக இருக்கையில், உருளும் நாணயம் ஒரு முறை சுற்றிவருவதற்குள் தானும் ஒரு முறைதான் சுழலும் என்றே எவரும் சொல்வர். ஆனால் நாணயத்தில் உள்ள சிங்க முகத்தைக் கவனித்துக்கொண்டே உருட்டினால், அது இரண்டு முறை நிமிர்ந்து வருவதைக் காணலாம். விளிம்பு உருண்டதனால் ஒரு சுழற்சியும், வட்டத்தைச் சுற்றி வந்ததனால் மற்றொரு சுழற்சியும் ஆக இரண்டு சேருகின்றன. சூரியனை ஓர் ஆண்டில் சுற்றிவரும் பூமி, நாம் எண்ணுகிற 365 பகலிரவுகளுக்குள் நட்சத்திரங்களைக் கொண்டு பார்த்தால் 366 முறை சுழன்றிருப்பதும் இதே காரணத்தினால்தான்.

நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது வளைகோட்டின் முழு நீளம் 200 மில்லிமீட்டர். அதாவது விட்டத்தைப் போல் சரியாக எட்டு மடங்கு. வட்டத்தை வைத்தே பிறந்த ஒரு கோட்டின் நீளத்திலே, வட்டத்தை விட்டு என்றும் பிரியாத பை என்னும் எண் இடம்பெறாமல் மறைந்துபோவது வியக்கத்தக்கதே. வளைகோட்டுக்குள் அடங்கும் பரப்போ, ஒரு நாணயத்தின் பரப்பைப் போல் சரியாக ஆறு மடங்கு. கூர்முனையின் வழியாக எந்தத் திசையில் ஒரு நேர்கோடு வரைந்து வளைகோட்டின் இரு பக்கங்களையும் தொட வைத்தாலும், அந்தக் கோட்டின் நீளம் எப்பொழுதும் 50 மில்லிமீட்டராகவே இருக்கும். வட்டத்தில் மையத்துக்கு உரிய அந்தச் சிறப்பு, இங்கே கூர்முனைக்கு வாய்த்திருக்கிறது.

இந்தக் கோட்டை ஐரோப்பியர் ஆராயத் தொடங்கியது வெறும் வினோதத்தின் பொருட்டு அன்று. ஒளியின் வேகம் அளவுக்கு உட்பட்டது என்பதை உலகுக்கு முதலில் நிறுவிய டென்மார்க் தேசத்து வானநூலறிஞர் ஓலே ரோமர், 1674-ஆம் ஆண்டில், பற்சக்கரங்களின் பற்கள் உராய்ந்து தேயாமல் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு எவ்வடிவம் ஏற்றது என்று ஆராய்ந்தபொழுது, வட்டத்தின்மேல் வட்டம் உருள்வதனால் பிறக்கும் கோடுகளின் வரிசையில் இதனையும் சந்தித்தார். அதன் நீளத்தை 1708-இல் பிரெஞ்சுக்காரரான லா ஹீர் கண்டார். இருதயத்தின் பெயரை அதற்குச் சூட்டியவர் காஸ்டியோன். 1741-இல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த கட்டுரையில் அப்பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. ஆகவே, இயந்திரசாலையிலே பிறந்த கோடு இது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, மற்றோர் இயந்திரசாலைக்குச் செல்வோம்.

அச்சுக்கூடத்தில்

1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்த வரலாறு சிவகாசியில் சிறுவர்க்கும் தெரிந்ததே. மழை குறைந்த அந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டி வேரூன்றிற்று. அதைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் வண்ணச்சீட்டு வேண்டியிருந்தபடியால் லித்தோ கல்லச்சும், பின்னர் ஆப்செட் இயந்திரமும் வந்தன. இன்று இம்மூன்று தொழில்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஆப்செட் இயந்திரத்தில் காகிதத்தின்மீது மை நேராகப் படிவதில்லை. எழுத்தும் சித்திரமும் கொண்ட பிளேட் ஓர் உருளையைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அது சுழன்று, ரப்பர் போர்த்திய பிளாங்கெட் உருளையின்மீது மையைப் பதிக்கிறது. பிளாங்கெட், காகிதத்தைச் சுமந்து வரும் மூன்றாவது உருளையோடு அழுந்தி, அந்த மையைக் காகிதத்துக்குக் கொடுக்கிறது. தனித்தாள் அச்சிடும் இயந்திரங்களிலே பிளேட் உருளையும் பிளாங்கெட் உருளையும் பொதுவாக ஒரே அளவுடையனவாகவே அமைகின்றன. அவை தத்தம் அச்சில் நின்றபடி எதிரெதிராகச் சுழல்வதால், வெளியில் நிற்பவர் கண்ணுக்கு ஒவ்வொரு புள்ளியும் வட்டத்திலேயே செல்வதாகத் தோன்றும். ஆனால் பிளாங்கெட் உருளையின்மீதே அமர்ந்து, அதனோடு தாமும் சுழன்றுகொண்டு பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்வோம். அவருக்குத் தம் உருளை அசையாமல் நிற்கும். பிளேட் உருளையோ அதன் விளிம்பைத் தழுவி உருண்டு சுற்றிவரும். நாணயச் சோதனையே மீண்டும் நிகழ்கிறது! பிளேட்டில் உள்ள ஒவ்வொரு மைப்புள்ளியும் பிளாங்கெட்டை நோக்கி ஓர் இருதய வளைகோட்டின் வழியாகவே இறங்குகிறது. தொட்ட இடத்தில் கூர்முனை. பிறகு மற்றொரு பக்கத்தின் வழியாக எழுந்து அகல்கிறது.

இதனால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுக் காண்போம். உருளையின் விட்டம் 27 சென்டிமீட்டர் என்று கொண்டால், தொடுவதற்கு முன் உள்ள கடைசி ஒரு பாகை சுழற்சியில் உருளையின் மேற்பரப்பு ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. அந்த ஒரு பாகை எஞ்சியிருக்கும்பொழுது மைப்புள்ளி தான் இறங்கவேண்டிய இடத்துக்கு 0.04 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காலண்டர்ப் படத்தை அங்குலத்துக்கு 150 வரிசையாகப் புள்ளிகளால் ஆக்கும்பொழுது, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் 0.17 மில்லிமீட்டர், அதில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலகல் இது. எவ்வளவு வேகமாக இயந்திரம் ஓடினாலும், நெற்றியில் பொட்டு வைக்கும் விரலைப் போல மை நேரே இறங்கி நேரே எழுகிறது. தொடும் அந்தக் கணத்திலே, ரப்பர்ப் பரப்பை நோக்க அதற்கு வேகமே இல்லை. கூர்முனை என்பதன் பொருளே அதுதான்: செல்லும் புள்ளி ஒரு கணம் நின்று, வந்த வழியின் திசையிலேயே திரும்புகின்ற இடம்.

இரு உருளைகளின் உருளும் விட்டங்களில் சிறிது வேற்றுமை வந்துவிட்டால் இந்தக் கூர்முனை குலைந்துபோகிறது. பிளேட்டுக்கு அடியிலும் பிளாங்கெட்டுக்கு அடியிலும் வைக்கும் பேக்கிங் தாள் கனத்தில் மிகுந்தோ குறைந்தோ போனால் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று இழைகின்றன. வட்டமாக இருக்கவேண்டிய புள்ளி வால் முளைத்து நீளுகிறது. உருப்பெருக்குக் கண்ணாடியைத் தாளின்மீது வைத்துக் குனிந்து பார்க்கும் அனுபவமுள்ள மிஷின்மேன், அந்த வாலின் திசையைக் கொண்டே பேக்கிங் எங்கே தவறியது என்று சொல்லிவிடுவார். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர்ந்தால்தான் முருகன் முகத்தில் விழியும் புருவமும் தத்தம் இடத்தில் இருக்கும். சமமான உருளைகளில் பிளேட்டின் ஒரு புள்ளி, ஒவ்வொரு சுற்றிலும் பிளாங்கெட்டின் அதே புள்ளியையே தேடி வந்து தொடுகிறது. வளைகோட்டுக்கு ஒரே ஒரு கூர்முனைதான் உண்டு என்கிற கணித உண்மையும், தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் சிலுவையாக இடப்படும் ரெஜிஸ்டர் குறிகள் நான்கு நிறத்திலும் ஒன்றாய்ப் பொருந்துகின்ற தொழில் நுட்பமும் இவ்வாறு கைகோத்துக்கொள்கின்றன.

வாய்ப்பாட்டிலும் டம்ளரிலும்

உருளும் வட்டம் எதுவும் இல்லாமலே இக்கோட்டை வரைய இன்னொரு வழி உண்டு. ஒரு பெரிய வட்டத்தின் பரிதியை 36 சம பாகங்களாகப் பிரித்து, வரிசையாக எண் இடவேண்டும். இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே 1-ஐ 2-உடனும், 2-ஐ 4-உடனும், 3-ஐ 6-உடனும் நேர்கோட்டால் இணைத்துச் செல்ல வேண்டும். 18-ஐ 36-உடன் இணைத்தபின், 19-க்கு உரிய 38-ஐ ஒரு சுற்றுக் கழித்து 2 என்று கொண்டு தொடர வேண்டும். வரையப்படுபவை யாவும் நேர்கோடுகளே. ஆயினும் அவை சூழ்ந்து நெருங்குகின்ற இடத்தில், யாரும் வரையாத இருதய வளைகோடு ஒன்று தானே எழுந்து நிற்கும். பலகையில் ஆணி அடித்து நூல் கட்டி இதனைச் செய்து பார்க்கும் பிள்ளைகள் வாய்ப்பாட்டை மறக்கவே மாட்டார்கள்.

இயற்கையும் இதே வாய்ப்பாட்டை ஓதுகின்றது. உட்புறம் பளபளப்பான ஒரு வட்டச் சுவரில், 36 என்னும் இடத்தில் ஒரு விளக்கை வைப்பதாகப் பாவிப்போம். விளக்கிலிருந்து புறப்பட்டு 5 என்னும் இடத்தில் மோதும் கிரணம், வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் திரும்பவேண்டும் என்னும் பிரதிபலிப்பு விதியின்படி, நேரே 10-ஐ நோக்கிச் செல்லும். 7-இல் மோதுவது 14-ஐ நோக்கிச் செல்லும். ஆகவே, திரும்பிய கிரணங்கள் நெருங்கிக் குவியும் ஒளிக்கோடு இருதய வளைகோடாகவே அமைகிறது. விளக்கிலிருந்து வட்டத்தின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் கூர்முனை விழுகிறது. ஒளி மிகுதியாகக் குவிந்து பிரகாசிப்பதும் அங்கேதான்.

வீட்டிலேயே இதனைக் காண்பதற்குச் சாய்ந்த சுவருடைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றும், அதில் பாதியளவு பாலும், சற்றுத் தொலைவிலிருந்து வரும் ஒரு விளக்கொளியும் போதும். நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் வெயில் விழுந்தால் இரு மேடுடைய வேறொரு வளைகோடு தோன்றும். டம்ளரைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒளி வரும் பக்கத்துச் சுவரின் சரிவுக்கு இணையாகக் கிரணங்கள் இறங்குமாறு செய்தால், பாலின்மீது இருதய வளைகோடு தெளிவாக எழும்.

மேடையில்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் நாட்களில் ஊரெங்கும் ஒலிபெருக்கிகள் கட்டப்படுகின்றன. மைக்கின் முன்னே ஒருவர் பேச, அவர் குரல் ஒலிபெருக்கியிலிருந்து பெருகி வெளிவந்து, மீண்டும் மைக்கினுள்ளேயே புகுந்து, மறுபடியும் பெருகி, கடைசியில் காதைத் துளைக்கும் ஊளையாக மாறுவதை அனுபவித்திராதவர் இல்லை. பேசுபவரின் திசையைக் கேட்கவும், ஒலிபெருக்கியின் திசைக்குச் செவிடாகவும் வல்ல ஒரு மைக் இருந்தால் இத்தொல்லை தணியும். அத்தகைய மைக்கை உருவாக்கிக் கொடுத்ததும் நம் வளைகோடே.

பின்புறம் மூடிய மைக் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியைச் சமமாகக் கேட்கும்; அதன் கேள்வித்திறனைத் திசைதோறும் குறித்தால் வட்டம் கிடைக்கும். முன்னும் பின்னும் திறந்த மைக்கின் தகடு, முன்னிருந்து வரும் ஒலிக்கு ஒரு பக்கமும் பின்னிருந்து வரும் ஒலிக்கு மறுபக்கமும் அசைவதனால், முன்புறத்தைக் கூட்டலாகவும் பின்புறத்தைக் கழித்தலாகவும் உணரும். இவ்விரண்டையும் சம அளவில் சேர்த்துவிட்டால், முன்னே கூட்டல் இரட்டிக்கிறது; பின்னே கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நேர் முன்னே கேள்வித்திறன் 100 என்றால், 60 பாகை திரும்பிய திசையில் 75. நேர் பக்கவாட்டில் 50. 120 பாகையில் 25. நேர் பின்னே சூனியம். இந்த எண்களைத் திசைக்கு ஏற்பக் குறித்து இணைத்தால் கிடைப்பது சாக்ஷாத் இருதய வளைகோடே. பின்புறத்தில் மைக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது கூர்முனை.

அமெரிக்காவிலே ஷூர் கம்பெனியைச் சேர்ந்த பெஞ்சமின் பாவர் என்னும் பொறியாளர், ஒரே தகட்டைக் கொண்டு இதனைச் சாதித்தார். 1939-இல் யூனிடைன் என்னும் பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. தகட்டின் பின்னால் சிறு துளைகளை வைத்து, அவற்றின் வழியே நுழையும் ஒலி சிறிது தாமதித்துத் தகட்டை அடையுமாறு உள்வழியை அமைத்தார். பின்னிருந்து வரும் ஒலி துளைவழியாகத் தாமதித்து வந்து சேரும் அதே கணத்தில், வெளியே சுற்றிக்கொண்டு வந்த அதே ஒலி முன்புறத்தையும் அடைகிறது. இருபுறமும் சமமாக அழுத்தப்பட்ட தகடு அசைவதில்லை. மேடையில் பேசுவோர் சிலர் மைக்கின் தலையை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும்பொழுது ஊளை கிளம்புவதற்குக் காரணம், அந்தத் துளைகள் அடைபட்டு, கூர்முனை அழிந்து, மைக் மீண்டும் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடுவதேயாம். தண்டைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியை மைக்கின் பின்புறத்துக்கு நேராக வைப்பவர் தம்மை அறியாமலே கணிதத்துக்கு மரியாதை செய்கிறார்.

எங்கும் இதனையே பயன்படுத்தலாம் என்று கருதிவிடக் கூடாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலுக்கு மேல் ஓசை எழுப்பும் பட்டாசு கூடாது என்பது 1999-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் விதி. அந்த ஓசையை அளக்கும் கருவியின் மைக், எல்லாத் திசையையும் சமமாகக் கேட்பதாகவே இருக்க வேண்டும். அங்கே வட்டமே உரியது. பேச்சுக்கு இருதயம், அளவைக்கு வட்டம் என்று பகுத்தறிவதே தொழில் விவேகம்.

எண்களின் எல்லையில்

சூனியத்திலிருந்து தொடங்கி, இருக்கும் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, குறித்த ஓர் எண்ணை அதனோடு கூட்டி, வந்த விடையை மீண்டும் அவ்வாறே செய்துகொண்டு போவோம். கூட்டும் எண் கால் என்றால், விடைகள் மெல்ல மெல்ல அரையை நெருங்கி அடங்கிவிடும். அதையே 0.26 என்று சிறிது உயர்த்தினால், சில பத்துப் படிகளுக்குள் விடைகள் கட்டுக்கடங்காமல் பெருகி ஓடிவிடும். இத்தகைய எண்களை ஒரு தளத்தில் பரப்பி, அடங்குபவை எவை, ஓடுபவை எவை என்று 1980-இல் கணித அறிஞர் பெனுவா மாண்டெல்பிரோ கணிப்பொறியால் வரைந்து பார்த்தபொழுது தோன்றிய உருவத்தின் பிரதான அங்கம் இருதய வளைகோடு; அதன் கூர்முனை நிற்கும் இடம், அந்தக் கால் என்னும் எண்ணே. அந்தத் தளத்து எண்களைத் தம்மாலேயே பெருக்கும்பொழுது அவற்றின் கோணம் இரட்டிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், இரண்டாம் வாய்ப்பாட்டிலே நாம் கண்ட கோடு இங்கே மீண்டும் தலைகாட்டுவதன் காரணம் விளங்கும்.

அச்சிலே வேகம் ஓய்வதும், பாலின்மீது ஒளி குவிவதும், மேடையிலே ஓசை அவிவதும், எண்களிலே அடக்கம் முடிந்து ஓட்டம் பிறப்பதும் கூர்முனையில்தான். வெவ்வேறு துறையினர் வெவ்வேறு காலத்தில் கண்ட இந்த நான்கையும் ஒரே கோட்டின் ஒரே இடமாக அறிந்துகொள்வதே கணிதக் கல்வியின் பயன். இயந்திரத்தைத் திறம்பட ஓட்டுகின்ற கைகள் விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தக் கைகளுக்குத் தெரிந்த உண்மையைக் கணிதத்தின் மொழியில் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய கடமை அங்குள்ள பள்ளிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் இருக்கிறது. இரண்டு நாணயங்களையும் ஒரு டம்ளரையும் வகுப்பறையில் வைத்துத் தொடங்கி, பக்கத்துத் தெருவின் அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்ப் பாடத்தை முடிக்கும் ஆசிரியர், பேக்கிங் தாளின் கனத்தை ஏன் அளக்கவேண்டும் என்பதற்குக் காரணம் தெரிந்த ஒரு புதிய தலைமுறைத் தொழிலாளரை உருவாக்கியவர் ஆவார்.